உங்களுக்கு எதுக்குங்க திரை?

நான் மென்பொருள் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரிடமாவது சொன்னால், சமையலறையிலிருந்து என் மனைவி அஞ்சலை இருமுவாள். அது சளி இருமல் இல்லை.

அவள் இருமுவதிலும் நியாயம் இருக்கிறது. நான் சம்பளம் வாங்கியது நெய்வேலிச் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டதற்கு. அதற்கப்புறம் நகரியத்தின் புகார் மையத்தில் உட்கார்ந்து போன் எடுத்ததற்கு. ஆனால் இந்த இரண்டாவது வேலையோடு சேர்த்து, சம்பளமே இல்லாத மூன்றாவது வேலை ஒன்றும் பார்த்தேன். கண் தெரியாதவர்களுக்கென்று ஒரு புரோகிராம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதையெல்லாம் அது வாய்விட்டுப் படிக்கும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பழுதும் பார்க்கலாம். அப்படிப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிற தொண்டர் கூட்டத்தில் நானும் ஒருவன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் முந்திரித் தோப்பில்.

சமீபத்தில் கூட்டத்தில் சேர்ந்த இளசுகள் கேட்டார்கள்: "இப்போ போனே தானா பேசுது அங்கிள். கேமராவைக் காட்டினா எதிர்ல நிக்கிறது நாயா மனுசனான்னு சொல்லுது. இன்னும் எதுக்கு உக்காந்து டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கீங்க? அதை எழுதுங்களேன்."

எழுதுகிறேன். நான் அடிக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் கம்ப்யூட்டர் எனக்கே திருப்பிப் படித்துக் காட்டுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் வாசகன் நான். ஸ்பீக்கர் சத்தமாக இருப்பதால் இரண்டாவது வாசகி அஞ்சலை. இருமல் கேட்கிறது.

கண் எனக்கு ஒரே நாளில் போகவில்லை. தியேட்டரில் படம் முடிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் படுதா மூடுமே, அந்த மாதிரி ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. முதலில், சைக்கிளில் போகும்போது பக்கத்தில் வருகிற ஆள் தெரியவில்லை. "ஏழுமலைக்கு பர்மனென்ட் ஆனதும் தலைக்கனம் வந்துடுச்சுடா, வணக்கம் வெச்சா திரும்ப மாட்டேங்குறான்" என்று ஷிஃப்ட் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் தெருவிளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைத்து, குடும்பத்தையும் விசாரித்தேன். அன்றைக்குத்தான் தலைக்கனம் இல்லை என்று நம்பினார்கள். டாக்டர் பார்த்தார், பெல்ட் பக்கம் போகவே கூடாது என்றார்கள், புகார் மையத்தில் உட்கார வைத்தார்கள்.

புகார் மையம் என்பது நகரியத்தின் காது. குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால், ஃபேன் நின்றால், கழிவறை அடைத்தால், வாசலில் பாம்பு வந்தால், எல்லாம் எங்களுக்குத்தான் போன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் செல்வி. பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். கடலூரில் பி.ஏ. படித்தவள். நான் பர்மனென்ட், அவள் கான்ட்ராக்ட். வேலையில் அவள் பர்மனென்ட், நான்தான் கான்ட்ராக்ட் மாதிரி. கம்ப்யூட்டரை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"அண்ணே, அது விசைப்பலகை. மண்வெட்டி இல்ல. மெதுவா தட்டுங்க."

"மெதுவா தட்னா அதுக்கு ஒறைக்குமா?"

"ஒறைக்கும். உங்களை மாதிரி இல்ல அது."

எங்கள் பேசுகிற புரோகிராமுக்கு நாங்கள் வாயாடி என்று பேர் வைத்திருந்தோம். பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். வெளியாட்களுக்கு அது வெந்நீரில் விழுந்த வண்டு மாதிரி இருக்கும். எங்கள் அதிகாரி சபேசன் சார் ஒருநாள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "என்ன பாஷைய்யா இது?" என்றார்.

"தமிழ்தான் சார். கொஞ்சம் அவசரத் தமிழ்."

சபேசன் சார் நல்ல மனிதர். குரல் உயர்த்தமாட்டார். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் மட்டும் அவரிடம் கையெழுத்து வாங்க ஓவர் முடிகிறவரை நிற்க வேண்டும்.

வாயாடி ஒருநாள் திடீரென்று ஊமையானது. செல்வி சொன்னாள், "இதைச் சரி பண்ற கூட்டத்துக்கு எழுதிப் போடுங்க அண்ணே, தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்குறது பொற்கொடி மேடம்." எழுதிப் போட்டேன். நான் எழுதிய முதல் மின்னஞ்சல் முழுவதும் இதுதான்: "இந்தச் சனியன் பேச மாட்டேங்குது."

பதில் வந்தது: "சனியன் எந்தப் பதிப்பு?"

பொற்கொடி மேடம் விழுப்புரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அவருக்கும் பார்வை கிடையாது. வங்கி வேலை முடிந்து வந்து, ஊதியம் ஏதுமில்லாமல், எங்கெங்கேயோ இருக்கிற எங்களையெல்லாம் மேய்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குசும்பான பதிலைப் பார்த்து, ஆகா, நம்ம ஜாதி ஆள் என்று போன் போட்டேன். அந்தப் பக்கம் குரலில் இரும்பு. குசும்பெல்லாம் இல்லை. நிஜமாகவே பதிப்பு எண்ணைத்தான் கேட்டிருக்கிறார்.

"ஏழுமலை, ஒரு பிழையைச் சொல்றப்போ மூணு விஷயம் சொல்லணும். என்ன செஞ்சீங்க? என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க? என்ன நடந்துச்சு?"

"செஞ்சது ஒண்ணுமில்ல மேடம். பேசும்னு எதிர்பார்த்தேன். பேசல."

"ஒண்ணும் செய்யாம எதுவும் நடக்காது. எந்த விசையை அழுத்தினீங்களோ அதிலிருந்து ஆரம்பிங்க."

"கோவத்துல எல்லாத்தையும் அழுத்திட்டேன் மேடம்."

"சரி. எந்த வரிசையில?"

அந்த 'எந்த வரிசையில'யில் நான் விழுந்தேன். பெல்ட் வேலையில் என்னை யாரும் வரிசை கேட்டதில்லை. அள்ளு என்பார்கள், அள்ளுவேன். இங்கே ஒருத்தர் என் கோபத்தைக்கூட வரிசைப்படுத்தச் சொல்கிறார்.

வேலை இப்படித்தான் நடக்கும். வாயாடிக்குப் புதுப் பதிப்பு வெளியாவதற்கு முன்னால் சோதனைப் பதிப்பு ஒன்று எங்களுக்கு வரும். அதை ஏற்றி, தினம் செய்கிற வேலையெல்லாம் அதிலே செய்து பார்க்க வேண்டும். கடிதம் திறக்கணும், அட்டவணைக்குள் மேலும் கீழும் நடக்கணும், ஒரு படிவத்தை நிரப்பணும். இடறினால், மறுபடி அதே இடத்தில் இடறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை இடறினால் அது மேடத்துக்குப் பிழை இல்லை, வதந்தி. ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு மேடம்" என்று சொன்னால், "எதனால?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

படித்த பிள்ளைகள் பிழையைக் கண்டால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குச் சுற்றிப் போகிற வழி தெரியாது. நேராகப் போய் முட்டிக்கொள்வேன். அதனால் என்னை வைத்துச் சோதித்தால் போதும், எல்லாப் பள்ளமும் தெரிந்துவிடும் என்று மேடம் கண்டுபிடித்தார். அது பாராட்டா என்று கேட்டேன். "தகவல்" என்றார்.

இந்த மூன்று கேள்வியை நான் வீட்டிலும் பிரயோகித்துப் பார்த்தேன். ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. "அஞ்சல, நீ என்ன செஞ்ச? என்ன எதிர்பார்த்த? என்ன நடந்துச்சு?"

"ரசம் வெச்சேன். நீ தின்னுட்டு எழுந்து போவேன்னு எதிர்பார்த்தேன். நீ பேசிக்கினு கெடக்குற."

மேடம் கேட்டிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பார். அஞ்சலை சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "வரிசை சரியா இருக்கு" என்றார். அந்த அம்மாவை ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டுத்தான் ரிடையர் ஆவது என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். செல்வி பந்தயம் கட்டினாள். "நடக்காது அண்ணே. அவங்க மேல நீங்க போட்ட ஜோக்கெல்லாம் எங்க ஊரு வறட்டு ஏரியில போட்ட கல்லு மாதிரி. சத்தமே வராது."

இப்போது எங்கள் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் எங்கே எது கெட்டுப்போனாலும், மாற்றுப் பொருள் எங்கள் அறையிலிருந்துதான் போகும். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முதலில் டியூப் லைட் போனது. "உங்களுக்கு எதுக்குங்க லைட்டு?" நியாயமான கேள்வி. அப்புறம் சுவர்க் கடிகாரம், தினசரி காலண்டர், கதவுத் திரைச்சீலை. அக்கவுன்ட்ஸில் மானிட்டர் கெட்டது. வந்தார்கள். "உங்களுக்கு எதுக்குங்க திரை?" நானும் பெருந்தன்மையாக, "தாராளமா தூக்கிக்கினு போங்க, போறப்போ கதவைச் சாத்துங்க" என்றேன். கொஞ்ச நாளில் செல்வியின் மேஜையில் இருந்ததும் சபேசன் சார் அறைக்குப் போனது. எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வாயாடி எப்போதும்போல் பேசியது. மேஜையில் இடம் தாராளமாகக் கிடைத்தது. மானிட்டர் இருந்த இடத்தில் நான் டிபன் கேரியரை வைத்தேன். செல்வி, பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றை ஒரு வாரம் பழுக்க வைத்தாள்.

அந்த வருஷம்தான் புகார் மையத்துக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. பழையது தடித்தோல். எதையும் தாங்கும். புதியது இன்டர்நெட் வழியாக ஓடுகிறது, மெல்லிய தோல். அதைச் செய்த கம்பெனி ஆட்கள் மீட்டிங் ஹாலில் தங்கள் மடிக்கணினியில் செய்து காட்டினார்கள். செல்வியைக் கூப்பிட்டு, வாயாடியை அதில் ஏற்றி, "நீங்களே ஒரு புகார் பதிங்க மேடம்" என்றார்கள். பதிந்தாள். அழகாக வேலை செய்தது. கைதட்டினார்கள். சபேசன் சார் சந்தோஷமாக, "திங்கட்கிழமை காலைல உங்க அறையில சோதனை ஓட்டம். மேலதிகாரி வர்றாரு" என்றார்.

எங்கள் அறைக்கு வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தோம். தலைப்பைப் படித்தது. அதற்கப்புறம் 'புதிய புகார்' என்ற பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மெனுவே இல்லை. கீழே போனால் பக்கத்தின் கடைசி வரி. மேலே வந்தால் தலைப்பு. என் கம்ப்யூட்டரிலும் அதே. செல்வி கம்ப்யூட்டரிலும் அதே.

கம்பெனி ஆட்களிடம் சொன்னோம். "அங்க நல்லா வேலை செஞ்சுதே மேடம். பழக்கமில்லாததால இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

சபேசன் சார் எங்கள் அறைக்கு வந்து கதவருகே நின்றார். அவர் மூச்சு கேட்டது. "ஏழுமலை, திங்கட்கிழமை பதிய முடியலன்னா, பார்வை இருக்குற ஆளைத்தான் போட வேண்டி வரும். உங்களுக்குப் பிரச்சினை இல்ல, வேற எங்கியாச்சும் உக்கார வெச்சுடுவாங்க." செல்வியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியது. அப்போதுதான் தன் அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வந்து, தனியாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து, பால் காய்ச்சியிருந்தாள்.

அவர் போனதும் செல்வி சொன்னாள், "அண்ணே, எங்க அம்மா பழைய வூட்டுச் சாவியைக் குடுத்துட்டு வந்துடுச்சு."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அபூர்வம்.

பொற்கொடி மேடத்துக்கு எழுதினேன். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத கடிதம். அவர் தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தார். பொத்தான் இருந்தது. சேலத்துத் தொண்டர் திறந்தார். இருந்தது. அயல்நாட்டில் ஒருத்தர், வாயாடியின் எலும்பையே எழுதியவர்களில் ஒருவர், திறந்தார். இருந்தது. உலகம் முழுக்க இருக்கிற பொத்தான் நெய்வேலியில் மட்டும் இல்லை.

ஆபீஸில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சுரங்கத்தில் வெடி வைக்கிற அதிர்வு என்றார் ஒருத்தர். வோல்டேஜ் என்றார் இன்னொருத்தர். "சாம்பல் பறந்து வந்து பட்டனை மூடியிருக்கும் அண்ணே" என்றாள் செல்வி. கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டலாமா என்று அட்டெண்டர் கலியமூர்த்தி கேட்டார். காட்டினோம். மேடத்திடம் அதையும் ஒளிக்காமல் சொன்னேன். "எந்த நேரத்துல? அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோதிச்சீங்களா?" என்றார். முன்னாடி சோதிக்கவில்லை. அதனால் கற்பூரம் செல்லாது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாக மாற்றினோம். வாயாடியின் பழைய பதிப்பு, புதுப் பதிப்பு, சோதனைப் பதிப்பு. வேறு பிரவுசர். எதற்கும் அசையவில்லை. சனிக்கிழமை மதியம் செல்வி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பலாச்சுளை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். வாசனை மட்டும் வந்தது, மெல்லுகிற சத்தம் வரவில்லை.

அப்போதுதான் மேடம் போன் செய்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஏழுமலை, உங்களுக்கு முக்கியமா தெரியாததால நீங்க சொல்லாம விட்டது ஏதோ ஒண்ணு இருக்கு. மேஜையை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் கையால தடவுங்க. கைக்குத் தட்டுப்படுறதை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எல்லாத்தையுமா மேடம்?"

"எல்லாத்தையும்."

தடவினேன். "போன். ஹெட்போன் ஒயரு. விசைப்பலகை. டிபன் கேரியர், மூணு அடுக்கு. மேல் அடுக்குல எலுமிச்ச சாதம்."

"அடுத்து."

"வெத்தலைப் பொட்டி. ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் பொட்டி. அது மேல ஒரு செருப்பு."

"செருப்பா?"

"செல்வியோடது மேடம். வார் அறுந்துபோச்சு. தைக்கணும்."

"அடுத்து."

"மேஜை முடிஞ்சு போச்சு மேடம்."

"திரை எங்க?"

"திரை இல்ல மேடம்."

"பக்கத்து மேஜையில இருக்கா?"

"செல்வி மேஜையில பலாப்பழம்தான் இருக்கு."

"ஏழுமலை. உங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டருக்கும் திரையே இல்லியா?"

"கேட்டாங்க, குடுத்துட்டோம் மேடம். எங்களுக்கு எதுக்கு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் போனில் ஏதோ கொரகொரவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று போனைத் தட்டினேன். செல்வி நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்து காதை வைத்தாள்.

"அண்ணே... அவங்க சிரிக்கிறாங்க!"

பொற்கொடி மேடம் சிரித்தார். நன்றாக, மூச்சு வாங்க, நடுவில் நிறுத்த முயற்சி பண்ணித் தோற்று, மறுபடி சிரித்தார். இத்தனை வருஷம் நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு, மேஜையைத் தடவினதுக்கு வந்தது.

சிரித்து முடித்ததும் பழைய இரும்புக் குரல் திரும்பியது. விளக்கினார். கம்ப்யூட்டருக்குத் திரையை மாட்டவில்லை என்றால், தனக்கு எவ்வளவு அகலம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரொம்பச் சின்னதாக ஒன்றைத் தானே கற்பனை பண்ணிக்கொள்ளும். புது சாஃப்ட்வேர் அந்தக் குறுகலைப் பார்த்து, இது செல்போன் என்று முடிவு பண்ணி, மெனுவையெல்லாம் மடித்து ஒரு சின்னப் படத்துக்குள் சொருகிவிடும். கண் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைத் தொட்டுத் திறந்துகொள்வார்கள். செய்தவர்கள் அந்தப் படத்துக்குப் பேர் எழுதவில்லை, அது பொத்தான் என்றும் சொல்லவில்லை. அதனால் வாயாடிக்கு அது தெரியவே தெரியாது. கம்பெனி ஆட்களின் மடிக்கணினியில் திரை கூடவே ஒட்டியிருந்ததால் அங்கே நல்லா வேலை செய்தது.

"எங்க வீட்டுத் திரை மேல அம்மா துண்டு காயப் போடுறாங்க" என்றார் மேடம். "அதனால கழட்டாம விட்டு வெச்சிருக்கேன். எனக்கு வேலை செஞ்சதுக்கு அந்தத் துண்டுதான் காரணம். சேலத்துக்காரர் வீட்ல பசங்க கேம் விளையாடுறாங்க. திரையை யாராவது கழட்டிப் பார்க்கணும்னு எங்க யாருக்கும் தோணல." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குமே தோணலயே."

சனிக்கிழமை அதற்குள் சபேசன் சார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் நானும் செல்வியும் கோலைத் தட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனோம். உள்ளே கூட்டத்தின் ஆரவாரமும் வர்ணனையும் மெல்லிய சத்தத்தில் கேட்டது. அவர் மேஜையில் இரண்டு திரை. ஒன்றில் கோப்பு, இன்னொன்றில் ஆட்டம் என்று கலியமூர்த்தி சொல்லியிருந்தார். வெளிநாட்டில் நடக்கிற ஆட்டம், அதனால்தான் காலையிலேயே.

"சார், திரை வேணும்."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

கொஞ்ச நேரம் வர்ணனையாளர் மட்டும் பேசினார். "உங்களுக்கு எதுக்கும்மா திரை?" என்றார் செல்வியிடம். உண்மையான குழப்பம், நக்கல் இல்லை.

"நாங்க பார்க்குறதுக்கு இல்ல சார். கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டர் பார்க்குமா?"

நான் புகுந்தேன். "கல்யாணத்துல பொண்ணு பக்கத்துல தோழி நிக்குதே சார், அதுக்கு என்ன வேலை? ஒண்ணும் கெடையாது. ஆனா அது நின்னாத்தான் பொண்ணு தைரியமா நிமிர்ந்து நிக்கும். அந்த மாதிரி ஒயரை மாட்டி சும்மா பக்கத்துல வெச்சா போதும்."

"இந்த ஓவர் முடியட்டுமே."

செல்வி கோலைத் தரையில் ஊன்றினாள். "சார், இந்த ஓவர் முடிஞ்சா அடுத்த ஓவர் வரும். எனக்கு அடுத்த கான்ட்ராக்ட் வராது."

வர்ணனை நின்றது. ஒயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. சபேசன் சார் அட்டெண்டரைக் கூப்பிடவில்லை. அவரே தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்தார். அதற்குள் மேலதிகாரி ஜீப் வந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்ததும், கலியமூர்த்தி கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். கலியமூர்த்தி எங்கள் அறைக்கு வந்து பலாப்பழத்தை நகர்த்தி, திரையை வைத்து, ஒயரைச் சொருகிவிட்டுப் போனார்.

செல்வி பக்கத்தைத் திறந்தாள். வாயாடி தலைப்பைப் படித்தது. அடுத்து ஒரு அம்பு விசை.

"புதிய புகார், பொத்தான்" என்றது வாயாடி.

செல்வி என் தோளில் ஒரு அறை வைத்தாள். தோள்பட்டை அன்று முழுக்க வலித்தது.

மேலதிகாரி, கம்பெனி ஆட்கள், சபேசன் சார் எல்லோரும் அறைக்குள் வந்தார்கள். டியூப் லைட் இல்லாததால் முதலில் நாற்காலியில் இடித்துக்கொண்டார்கள். மேலதிகாரியே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் மாதிரி செல்போனில் பேசினார். "எங்க வீட்ல தண்ணி வரலைங்க."

"எந்த பிளாக்குங்க? குவார்ட்டர்ஸ் நம்பர் சொல்லுங்க. சமையல் குழாயா, குளியல் அறையா? பக்கத்து வூட்ல வருதாங்க?" கேட்டுக்கொண்டே தட்டினாள். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் புகார் பதிவாகிவிட்டது, அவர் செல்போனுக்குச் செய்தியும் போய்விட்டது. அது வந்த மணிச் சத்தத்தை எல்லோரும் கேட்டோம்.

"பிரமாதம்மா" என்றார் மேலதிகாரி. "எங்க, திரையில எப்படி வந்திருக்குன்னு பார்ப்போம்." நடந்து வந்தார். நின்றார். "என்ன சபேசன், இது சுவத்தைப் பாத்துக்கினு இருக்கு?"

கலியமூர்த்தி அவசரத்தில் திரையைத் திருப்பி வைத்துவிட்டிருக்கிறார். முன்பக்கம் சுவருக்கு, முதுகுப்பக்கம் செல்விக்கு. அவள் அந்த முதுகுக்கு நேராக உட்கார்ந்துதான் அத்தனை வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். மேலதிகாரி மேஜையைச் சுற்றிப் போய், சுவருக்கும் திரைக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தாராம். "சரியாத்தான் வந்திருக்கு" என்று அங்கிருந்தே குரல் வந்தது. தலையை வெளியே எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

செல்விக்குக் கான்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். எனக்கும் ஒரு திரை அக்கவுன்ட்ஸிலிருந்து திரும்பி வந்தது, ஓரத்தில் யாரோ ஒட்டிய சாமி படத்தோடு.

சரியாகிவிட்டதே, விட்டுவிடலாம் என்றேன் மேடத்திடம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "திரை இருந்தாத்தான் வேலை செய்யும்னா அது சரியானது இல்ல. சுத்திப் போனது. உங்களை மாதிரி எத்தனை பேர் திரையைக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்களோ!" சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதி, அவர்கள் அந்தப் படத்துக்குப் பேர் வைக்கிறவரை விடவில்லை. வாயாடியை எழுதுகிறவர்களிடமும் பேசினார். திரையைக் கழற்றினால் வாயாடி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரிய வழியில்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். தமிழில் அந்த வாக்கியத்தை எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு!

முதலில் எழுதினேன்: "திரையை எவனோ தூக்கிக்கினு பூட்டான்."

"எவனோன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் இல்லாம குத்தம் சொல்லக் கூடாது" என்று திருப்பி அனுப்பினார்.

சேலத்துக்காரர் எழுதினார்: "திரை இணைக்கப்படவில்லை. சரிபார்க்கவும்."

"பாக்கச் சொன்னா யாரு மேடம் பாக்குறது? எங்ககிட்டப் போய்ப் பாக்கச் சொல்லுது" என்றேன்.

இப்படியே கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கடைசியில் நான் அனுப்பியதை மேடம் வரிசை மாற்றாமல், ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் ஏற்றுக்கொண்டார். அது அடுத்த பதிப்பில் வெளியானது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் நான் ரிடையர் ஆனேன். மாலை போட்டார்கள், பலாப்பழம் கொடுத்தார்கள். சபேசன் சாரும் மாற்றலாகிப் போனார்.

இளசுகள் கேட்டதற்குப் பதில், போன மாதம் செல்வி போனில் சொன்னது. ஆபீஸில் இப்போது புது அதிகாரி. அவர் அறையில் மானிட்டர் கெட்டுவிட்டது. இரண்டு ஆட்களை அனுப்பியிருக்கிறார். அவர்கள் வந்து, வழக்கம்போல, "உங்களுக்கு எதுக்குங்க திரை?" என்று சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். செல்வி வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கர்தான் திறந்தது. முழுச் சத்தத்தில், தாழ்வாரம் வரைக்கும் கேட்கிற மாதிரி, வாயாடி சொன்னது:

"திரை இல்லை. கேட்டு வாங்கவும்."

"அண்ணே, ஒருத்தன் பயந்துபோய் திரையைக் கீழ போடப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லல. கையை மட்டும் நீட்டினேன்" என்றாள் செல்வி. "திரும்ப மாட்டிட்டுப் பூட்டானுங்க."

"எந்தப் பக்கம் பாக்குற மாதிரி வெச்சானுங்க?"

"தெரியல அண்ணே. எதுக்கு?"

நான் ரிடையர் ஆகிவிட்டேன். என் வாக்கியம் மட்டும் இன்னும் ஷிஃப்டில் இருக்கிறது.

இதைப் படித்துக் காட்டியதும் சமையலறையில் இருமல் வரவில்லை. போய்த் தடவிப் பார்த்தேன். அஞ்சலை கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. அந்த ரசத்தை மட்டும் எடுத்துடு" என்றாள்.

எடுக்கவில்லை.